மாத்திரையும் முழக்கமும்

மாசித் திங்கள் பிறந்துவிட்டால் ஊவாத் தோட்டங்களிலே தப்பொலி கேட்கத் தொடங்கும். அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் பௌர்ணமியை ஒட்டிய இரவில் மன்மதன் எரிந்து முடியும்வரை பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலை மலையடியிலும் காமன் கூத்து நடைபெறும். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் இரவில் ரதியாகவும் மதனாகவும் வீரபத்திரனாகவும் எமனாகவும் உருமாறி நிற்கும் காட்சி, காண்பார் நெஞ்சை விட்டு எளிதில் அகலாதது.

அத்தகைய இரவொன்றில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயில் முன்றலில் நானும் ஒருவனாக அமர்ந்திருந்தேன். மேடையின் இருபுறத்தும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் நின்றன. ரதி வேடம் புனைந்தவர் ஒலிவாங்கியின்முன் வந்து புலம்பலைத் தொடங்கினார். குரல் பள்ளத்தாக்கு முழுவதும் நிறைந்தது. தேயிலைச் சரிவுகளைக் கடந்து எதிர் மலையையும் தொட்டது. எனக்கு அருகே இருந்த மாணவி ஒருத்தி மெல்லத் திரும்பி, “சேர், ரதி என்ன சொல்லி அழுறா?” என்று கேட்டாள்.

நான் விடை கூற இயலாது விழித்தேன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். மேடைக்கும் எனக்கும் இடையே பத்து அடி தூரமும் இல்லை. கதை தெரியும், அழுகையும் கேட்டது, ஆனால் பாட்டின் சொல் ஒன்றேனும் என் செவியிற் பிடிபடவில்லை. “தன் கணவன் எரிந்துவிட்டான் என்று அழுகிறாள்” என்று கூறினேன். “அது எனக்கும் தெரியும் சேர்” என்றாள் அவள். அவள் வேண்டியது கதைச் சுருக்கமன்று. தன் பாட்டனும் பூட்டனும் பாடிய பாட்டின் சொற்களையே அவள் வேண்டினாள். அதைக் கொடுக்க அன்று எவராலும் முடியவில்லை.

சொற்களை மறைத்தது எது? பாடியவர்மீது குற்றமில்லை. பிற்பகல் ஒத்திகையிலே ஒலிபெருக்கியின்றி அவர் பாடியபோது, ஒவ்வோர் எழுத்தும் முத்துக் கோத்தாற் போல விளங்கியதை நானே கேட்டேன். குற்றம் முழுவதும், மேடைக்கு எதிரே கூடாரத்தில் இருந்த ஒலிக்கலவைப் பலகையினுள் ஒளிந்திருந்தது. நம் மக்கள் அதனை ‘எக்கோ’ என்பர்.

எக்கோ என்பது யாது?

மலையை நோக்கிக் கூவினால் நம் குரல் தனியே திரும்பி வருகிறது. அஃது எதிரொலி. ஒலியானது காற்றிலே ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே 85 மீற்றர் தொலைவிலுள்ள பாறைச் சரிவு நம் குரலை அரைச் செக்கனில் நமக்கே திருப்பித் தரும். தோட்டத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்த விளையாட்டு இது. இனி, கல் மண்டபத்தினுள் நின்று கைதட்டினால் வேறொன்று நிகழ்கிறது. சுவர், கூரை, தரை, தூண் ஆகிய யாவும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. அவை தனித்தனியே கேளாமல் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, ஒரு நீண்ட வாலாகத் தேய்ந்து அடங்குகின்றன. இதனை எதிர்முழக்கம் என்பர் அறிவியலார். நம்மவர் ‘எக்கோ’ என்னும் ஒரு சொல்லாலேயே இரண்டையும் குறிப்பர். ஆயினும் மேடையில் அவர்கள் பெரிதும் விரும்புவது இந்த இரண்டாவதையே.

இந்த முழக்கத்தை முதன்முதல் அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆசிரியர் வாலஸ் கிளமென்ற் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு எவர்க்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரைச் செக்கன் அளவு சுவர்களுக்கிடையே சுழன்றது. முதற்சொல் அடங்குமுன் பேச்சாளர் ஒரு முழு வாக்கியத்தையே கூறி முடித்திருப்பார். 1895ஆம் ஆண்டில் இக்குறையைத் தீர்க்கும் பணி சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த நாடக மண்டபத்து இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறதென ஓர் ஓகன் குழாயையும் தம் செவியையும் கொண்டே ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியிற் பிறந்த சூத்திரமே இன்றும் மண்டபம் கட்டுவார்க்கு வழிகாட்டி. ஒலியின் வலு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு, அதாவது 60 டெசிபெல் இறங்குவதற்கு ஆகும் காலமே முழக்க நேரம் எனப்படும்.

ஆண்டுக்கணக்காக மெத்தை சுமந்து அம்மேதை அகற்றிய அதே முழக்கத்தை, சுவரே இல்லாத நம் திறந்தவெளிகளிலே நாம் விலை கொடுத்து வாங்கிப் பரப்புகின்றோம்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. உதட்டோடு ஒட்டிய ஒலிவாங்கியிற் பாடும் குரல், சூழல் எதுவும் சேராமல் வறண்டு ஒலிக்கும். அவ்வறட்சியைப் போக்கவே ஒலிப்பதிவாளர் செயற்கை முழக்கத்தைத் தேடினர். 1957இல் ஜேர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம், பெரிய உருக்குத் தகடொன்றைப் பெட்டியினுள் தொங்கவிட்டு அதன் அதிர்வால் முழக்கம் தரும் கருவியை ஆக்கிற்று. அதன் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். 1976இல் அதே நிறுவனம் இலக்கமுறையால் முழக்கம் தரும் கருவியையும் வெளியிட்டது. இன்றோ, 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ் 32 போன்ற டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றனுள் அத்தகைய விளைவுப் பொறிகள் எட்டு அடங்கிக் கிடக்கின்றன. பேராலய மண்டபம், சிறு அறை, உருக்குத் தகடு ஆகிய எதன் முழக்கத்தையும் விரல் நுனியால் தெரிந்தெடுக்கலாம். பேராலயத்தை வானில் ஏற்றி நமுனுகுலை அடிவாரத்துக்குக் கொண்டுவரவும் ஒரு பொத்தான் போதும். வேண்டுவது கிடைத்துவிட்டது. எவ்வளவு வேண்டும் என்பதை அறிவதே இனி எஞ்சியுள்ள கல்வி.

மாத்திரைக் கணக்கு

இங்கேதான் நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. எழுத்துக்கு ஒலியளவு வகுத்தவர் நம் முன்னோர். கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொல்காப்பியர் மாத்திரை வகுத்தார். இது புலவர்க்கு மட்டும் உரிய கணக்கன்று. கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாயும் இக்கணக்கைப் பிழையாமற் பேசுகிறாள். கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. எழுத்தறியாதவரும் இவற்றை மயங்குவதில்லை.

இனி, மெய்யின் அரை மாத்திரையைச் சிறிது உற்று நோக்குவோம். ‘படு’ என்பதற்கும் ‘பட்டு’ என்பதற்கும், ‘எடு’ என்பதற்கும் ‘எட்டு’ என்பதற்கும் இடையே உள்ள வேற்றுமை எதனால் விளங்குகிறது? ‘பட்டு’ என்னும்போது நா மேலண்ணத்தைத் தொட்டு ஒரு கணம் மூச்சை அடைத்து நிற்கிறது. அக்கணத்திலே ஒலி இல்லை. அந்தச் சிறு அமைதியே ஒற்று. வல்லின ஒற்றின் அரை மாத்திரை, செவியைப் பொறுத்தவரை பெரும்பாலும் அமைதியின் அளவே ஆகும். அவ்வமைதி நிரம்பிவிட்டால் ஒற்று மறைந்துவிடும். ஒற்று மறைந்தால் சொல் மாறும், சொல் மாறினால் பொருள் கெடும்.

முழக்கம் செய்வது இதையே. அன்றிரவு அந்தப் பலகையின் திரையிலே தேய்வு நேரம் மூன்று செக்கன் என இருந்தது. அஃதாவது, செக்கனுக்கு 20 டெசிபெல் வீதம் முழக்கம் இறங்கும். நாம் இயல்பாகப் பேசும்போது ஒரு செக்கனில் நான்கைந்து அசைகளை ஒலிக்கிறோம். ஓர் அசைக்குச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அடுத்த அசை பிறக்கும் பொழுதில் முந்தைய அசையின் முழக்கம் 4 டெசிபெல் மட்டுமே இறங்கியிருக்கும். அதன் வலுவில் ஐந்தில் இரண்டு பங்கு எஞ்சி நிற்கும். அதற்கு முந்தையதும் அதற்கும் முந்தையதும் அடங்காமல் உடன் நிற்கும். ஏறத்தாழப் பதினைந்து அசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் அந்தக் குவியலில், ஒற்றின் அமைதிக்கு இடம் எங்கே? ரகர றகரமும் லகர ளகர ழகரமும் தம்முள் வேறுபட்டு நிற்க வழி எங்கே?

அதே தேய்வு நேரத்தை 1.2 செக்கனாகக் குறைத்தால், செக்கனுக்கு 50 டெசிபெல் வீதம் இறங்கும். அடுத்த அசை வரும்போது முந்தையதன் முழக்கம் 10 டெசிபெல் இறங்கி, பத்தில் ஒரு பங்கு வலுவே கொண்டிருக்கும். குரலுக்கு மெருகும் இருக்கும், ஒற்றுக்கு உயிரும் இருக்கும். இரண்டு செக்கனுக்கும் குறைவான இந்த வேறுபாட்டிலே ஒரு கூத்தின் சொற்செல்வம் முழுவதும் தங்கியுள்ளது.

ஒரு தடையும் விடையும்

புலமை மிக்க அன்பர் சிலர் இவ்விடத்தே ஒரு தடை எழுப்பலாம். “இசையிலே எழுத்துக்கள் தம் மாத்திரையைக் கடந்து ஒலிக்கும் என்றும், ஒற்றும் நீளும் என்றும் தொல்காப்பியரே உடன்பட்டாரன்றோ? அளபெடை என ஒன்று உண்டன்றோ? அவ்வாறாயின் முழக்கத்தால் எழுத்து நீண்டால் என்ன குற்றம்?” என்பதே அத்தடை.

நல்ல வினாதான். ஆயினும் அளபெடைக்கும் முழக்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. அளபெடுப்பவன் பாடகன். எந்த எழுத்தை நீட்டுவது, எதை நீட்டாது விடுவது, எவ்விடத்தே நிறுத்துவது என்பதை அவன் பொருளறிந்து முடிவு செய்கிறான். கருவியோ பொருள் அறியாது. நெடிலையும் குறிலையும், மெய்யையும் மூச்சையும், இருமலையும் காலடியோசையையும் ஒரே அளவாக நீட்டும். எல்லாம் நீண்டால் எதுவும் நீண்டதாகாது. ரதியின் புலம்பலிலே உயிர்நாடியான இடம், குரல் நீண்டு சென்று சட்டென அறுந்து விம்மும் இடமே. அந்த அறுபடலின் பின் வரும் அமைதியிலேதான் கேட்பார் கண் கலங்கும். அன்று அந்த அமைதி எமக்குக் கிட்டவில்லை. கருவி அதையும் நிரப்பிவிட்டது.

மற்றொரு தடையும் உண்டு. “கோயிலிலும் தேவாலயத்திலும் முழக்கம் உண்டே, அங்கே பாட்டுச் சிறக்கவில்லையா?” என்பர். சிறக்கும். ஏனெனில் அங்குள்ள பாட்டு அவ்விடத்துக்கென வளர்ந்தது. ஐரோப்பியக் கல் தேவாலயங்களில் முழக்கம் பல செக்கன் நிற்கும். அங்கே எழுந்த பழைய வழிபாட்டிசையும் அதற்கு இசைய மெல்ல நடக்குமாறு அமைந்தது. காமன் கூத்தோ திறந்தவெளியிற் பிறந்து வளர்ந்தது. தமிழகத்து ஊர் மந்தைகளிலிருந்து தோணியேறி, காடு கடந்து, கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் நம் முன்னோருடன் இம்மலைக்கு வந்தது. லயங்களுக்கு முன்னும் கோயில் முன்றலிலும் வானமே கூரையாக ஆடப்பட்டது. தப்பின் விரைந்த அடிக்கு இசைய அதன் பாட்டும் விரையும். இடத்துக்கு ஏற்பவே இசை வளர்கிறது. கூத்தின்மேல் பேராலயத்தின் முழக்கத்தைப் போர்த்துவது, ஓட்டக்காரனுக்குக் கம்பளி போர்த்தி ஓடவிடுவதை ஒக்கும்.

ஒலிபெருக்கி வருமுன்பு நம் மேடைகள் ஊமையாயிருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் தம் குரலின் உறுதியாலும் உச்சரிப்பின் தூய்மையாலும் கொட்டகையின் கடைசி வரிசையைத் தொட்டனர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே கோ. நடேசையருடன் சென்று, உரிமைப் பாட்டுக்களைப் பாடி மக்களைத் தட்டியெழுப்பினார் மீனாட்சி அம்மாள். சொல் விளங்காதிருந்தால் அப்பாட்டு எவரை எழுப்பியிருக்கும்? பாட்டைப் படைக்கருவியாகக் கொண்ட சமூகம் நம்முடையது. கூர் மழுங்கிய படைக்கலம் யாருக்குப் பயன்படும்?

செய்யத்தக்கன

கூத்து முடிந்த மறுநாட் காலை, ஒலிபெருக்கிக்காரத் தம்பியைச் சந்தித்தேன். அவர் என்னிடம் படித்தவர். “எக்கோ இல்லாட்டிக் குரல் மொட்டையா இருக்கும் சேர். சனமும் கேட்குது, ‘எக்கோ போடுங்க’ன்னு” என்றார். பக்கத்தில் நின்ற கூத்து வாத்தியாரோ, “எனக்கு என் குரலே திரும்பத் திரும்ப வருதுங்கய்யா. தப்போட அடி எங்க விழுதுன்னே புரியல. கால் தடுமாறுது” என்றார். ஒருவர் சொன்னதிலும் பொய்யில்லை. மூவரும் அந்தப் பலகையின்முன் ஒரு மணி நேரம் இருந்தோம். தம்பி கருவியை அறிவார், வாத்தியார் கூத்தை அறிவார், நான் எழுத்தை அறிவேன். மூன்றும் கூடியபோது வழி பிறந்தது. பிற தோட்டத்தார்க்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றுக்கும் ஒரே முழக்கம் என்னும் பழக்கத்தை விடவேண்டும். டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு குரலிலிருந்தும் எவ்வளவு பங்கை முழக்கப் பொறிக்கு அனுப்புவது என்பதைத் தனித்தனியே அமைக்கலாம். பாடுவோர்க்குச் சிறிது அனுப்புக. கட்டியக்காரனுக்கும் வசனம் பேசுவோர்க்கும் மிகச் சிறிது போதும். தப்புக்கு வேண்டவே வேண்டா. தப்பின் உயிர் அதன் அடி அறுந்து நிற்பதில் உள்ளது. பாடகரின் ஒலிவாங்கியிலும் தப்பொலி புகுமாதலால், தப்படிப்போரை அதற்குப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சற்றுத் தள்ளி நிறுத்துதல் நன்று.

இரண்டாவது, ‘ஹோல்’ எனப்படும் பெருமண்டப வகையைவிட ‘பிளேட்’ எனப்படும் தகட்டு வகையோ, ‘ரூம்’ எனப்படும் அறை வகையோ கூத்துக்குப் பொருந்தும். தேய்வு நேரம் 1.2 முதல் 1.5 செக்கனுக்குள் நிற்கட்டும். புலம்பல் மெல்ல நடக்குமிடத்தில் சற்றுக் கூட்டலாம். விரைவு நடையில் மேலும் குறைக்கவேண்டும்.

மூன்றாவது, ‘பிரீ டிலே’ என்றொரு அளவு அப்பொறியில் உண்டு. குரல் ஒலித்து எவ்வளவு நேரம் கழித்து முழக்கம் தொடங்குவது என்பதை அது குறிக்கும். அதை 30 அல்லது 40 மில்லிசெக்கன் அளவில் வைத்தால், எழுத்தின் தொடக்கம் முதலில் தெளிவாகச் செவியை அடையும். முழக்கம் அதன் பின்னே பணிவுடன் வரும். தலைவனுக்கு முன்னே பரிவாரம் நடத்தல் முறையன்று.

நான்காவது, முழக்கத்தின் கனத்த அடித்தொனியை வெட்டுதல் வேண்டும். 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை முழக்கப் பொறிக்குள் விடாவிட்டால், ‘கும்’ என்னும் இரைச்சல் அடங்கும். மேலே 6,000 ஹேர்ட்ஸை ஒட்டி மட்டுப்படுத்தினால், சகரம் சீறுவதும் குறையும். பாடகரின் குரலில் கைவைக்கவேண்டியதில்லை. அதன் நிழலைச் செப்பஞ் செய்தால் போதும்.

ஐந்தாவது, பாடுவோர் தம் குரலைக் கேட்பதற்கென மேடையில் வைக்கும் பெட்டியிலே முழக்கம் கலத்தல் கூடாது. வாத்தியாரின் கால் தடுமாறியதற்குக் காரணம் அதுவே. பாடுவோர் தம் குரலையும் தப்பின் அடியையும் உள்ளவாறே கேட்கவேண்டும்.

ஆறாவது, பாட்டு முடிந்து அறிவிப்புத் தொடங்கும்போது முழக்கத்தை ஒரு பொத்தானால் அடைத்துவிடுக. காணாமற் போன பிள்ளையைப் பற்றியோ, மழை மிகுந்து மண்சரிவு அஞ்சப்படும் நாளில் மக்கள் இடம் பெயர்வதைப் பற்றியோ அறிவிக்கும் சொல் விளங்காதொழிந்தால் நேரும் தீமை பெரிது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் மறைந்த லயங்களை நினைவில் வைத்திருக்கும் மாவட்டம் இது. இங்கே ஒலிபெருக்கியின் சொல் தெளிவாயிருத்தல் அழகுக்கு மட்டும் உரிய செய்தியன்று.

இறுதியாக ஒன்று. டிஜிட்டல் மிக்ஸரின் பெரும் நன்மை, ஒருமுறை செப்பமாக அமைத்ததை அது மறவாது என்பதே. அமைப்புக்களைச் சேமித்து வைக்கும் அவ்வசதிக்கு ‘சீன்’ என்றே அதில் பெயர். கூத்தின் காட்சிக்கும் கருவியின் காட்சிக்கும் பெயர் ஒன்றாய் அமைந்தது பொருத்தமே. ரதி புலம்பலுக்கு ஒரு காட்சி, எமன் வரவுக்கு ஒரு காட்சி, அறிவிப்புக்கு ஒரு காட்சி எனச் சேமித்துவிட்டால், உரிய இடத்தில் விரலால் தொட்டு அழைக்கலாம். ஆகவே நான் புதுக்கருவிக்குப் பகைவன் அல்லேன். பழைய கருவியில் இயலாத ஒழுங்கு இதில் எளிதாக இயலும். கருவி கற்றுக்கொண்டுவிட்டது. நாம் கற்கவேண்டும்.

உலர்ந்த குரலும் ஊர்ச் சொத்தும்

இதனினும் முதன்மையான ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். நம் கூத்துப் பாட்டுக்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. வாத்தியாரின் நெஞ்சிலிருந்து மாணாக்கரின் செவிக்கு வந்தவை. மலையகப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர், பாடுவோரின் வாயிலிருந்து கேட்டே அவற்றை எழுத்திலே கொண்டனர். அவர்கள் காலத்தில் அப்பாட்டுக்கும் செவிக்கும் இடையே காற்று ஒன்றே நின்றது. இன்று பாட்டைத் தொகுக்க முனையும் மாணவன் கையில் இருப்பதோ கைத்தொலைபேசிப் பதிவு. அதிலே முழக்கம் உண்டு, சொல் இல்லை. முதிய வாத்தியார்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களுடைய குரல் நூறு கைத்தொலைபேசிகளில் எஞ்சியிருக்கும். அவர்கள் பாடியது யாது என்பதை மட்டும் எவராலும் எழுத இயலாது.

குரலோடு கலந்துவிட்ட முழக்கத்தை மீண்டும் பிரித்தெடுத்தல் அரிது. பாலிற் கலந்த நீரை நாம் பிரிக்க மாட்டோம், அன்னமும் இக்காலத்தில் இல்லை. ஆனால் உலர்ந்த குரலுக்கு எப்போது வேண்டினும், எவ்வளவு வேண்டினும் முழக்கம் சேர்க்கலாம். இப்போதுள்ள பல மிக்ஸர்களில், முழக்கம் சேராத குரலைத் தனியே பதிவு செய்யும் வசதி உண்டு. ஆகவே, ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்து நடக்கும்போது, சபையாருக்கு எவ்வாறு ஒலித்தாலும், உலர்ந்த குரலின் பதிவொன்று எடுக்கப்படவேண்டும். அப்பதிவு அத்தோட்டத்துப் பாடசாலை நூலகத்திலே வைக்கப்படவேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் அதனைக் கேட்டுப் பாட்டை எழுதி, வாத்தியாரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. வேண்டுவன ஒரு பென்டிரைவும், ஒரு கொப்பியும், நாலு பேருடைய அக்கறையும் மட்டுமே.

அத்தோட்டத்திலே காமன் எரியும் இறுதி இரவுக்கும் நான் சென்றேன். தம்பி சொன்னபடி செய்திருந்தார். “எக்கோ குறைஞ்சிருக்கே” என்று பின்வரிசையில் ஓரிருவர் முணுமுணுத்ததையும் மறைக்கமாட்டேன். ரதி வந்தாள். புலம்பினாள். முதல் அடி முடியுமுன்பே, எனக்கு முன்னே சேலைத் தலைப்பால் தலையை மூடி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி, அடுத்த அடியைத் தானும் சேர்ந்து வாய்க்குள் பாடத் தொடங்கினாள். அவளுக்கு அப்பாட்டு முழுவதும் தெரிந்திருந்தது. முந்திய இரவுகளில் அவள் சேர்ந்து பாடாதது, சேர்வதற்குச் சொல் கிடைக்காமையாலேயே.

என் மாணவி அன்றும் வந்திருந்தாள். ஆனால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மூதாட்டியின் பக்கத்திற் போய் அமர்ந்து, மடியில் கொப்பியை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.